இசைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்

இசைக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டால், மேக்தான் என்று ஸ்டுடியோக்காரர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அந்த மேக்கைச் செய்த ஆப்பிளும் ஒரு காலத்தில் ஒரு சத்தியம் செய்திருந்தது: இசைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று.

பீட்டில்ஸ் கம்பெனிக்கும் பெயர் ஆப்பிள். பழம் யாருடையது என்ற பங்காளிச் சண்டை 1981-ல் ராசியானது. கம்ப்யூட்டர் உனக்கு, பாட்டு எனக்கு. மேற்கொண்டு 80,000 டாலர். அன்றைய கம்ப்யூட்டர் போட்ட சத்தத்தைச் சங்கீதம் என்று வாதாட எந்த வக்கீலுக்கும் துணிவு வராது என்று நினைத்திருப்பார்கள்.

இதற்கிடையில் ஜாக் ட்ராமியல். தான் நிறுவிய காமடோர் கம்ப்யூட்டர் கம்பெனியை விட்டு 1984 ஜனவரியில் கோபத்தோடு வெளியேறினார். அதே ஆண்டு ஜூலையில் அட்டாரியின் கம்ப்யூட்டர் பிரிவை வாங்கிப் போட்டார். அந்தக் கோபத்துக்குப் பிறந்த பிள்ளைதான் 1985-ல் வந்த அட்டாரி எஸ்டி. இசைக்கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்க மற்றவர்கள் தனிப்பெட்டி வாங்கி ஒட்டவைத்த மிடி துளைகள் இதில் உடன்பிறந்தவை. ஒரு நேரத்தில் ஒரே நிரலைத்தான் அதன் இயங்குதளம் ஓட்டும். ஆபீஸ்காரருக்கு அது குறை. இசைக்காரருக்கோ, தனி ஆவர்த்தனத்தின் நடுவே கேன்டீனுக்கு எழுந்துபோகாத மிருதங்கக்காரர் கிடைத்த மாதிரி. ஹாம்பர்க்கில் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1989-ல் க்யூபேஸ் என்ற இசை மென்பொருளை முதலில் எஸ்டிக்குத்தான் எழுதியது. சி-லேப் கம்பெனியின் நோட்டேட்டர் மென்பொருள் அதற்கும் முன்பே அங்கே குடியேறிவிட்டது.

அந்த 1989-லேயே பீட்டில்ஸ் கம்பெனி வக்கீல்களுக்குத் துணிவும் வந்துவிட்டது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் கீபோர்டைச் செருகி வாசிக்கிறார்களே, ஒப்பந்தம் என்னாயிற்று என்று லண்டனில் மறுபடி வழக்கு. 1991-ல் ராசியானபோது தொகை இரண்டரைக் கோடி டாலருக்கு மேல். வாக்குத் தவறுவதிலும் பணவீக்கம் உண்டு.

எதிர்முகாம் மட்டும் சுத்தமா? விண்டோஸ் 95 கண்விழிக்கும்போது ஒலித்த அந்தச் சில நொடி இசையை மைக்ரோசாஃப்ட் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவிடம் கேட்டு வாங்கியது. அவர் அதை மேக்கில்தான் செய்தாராம். பிசியையே தொட்டதில்லை என்று பிற்பாடு வானொலியில் சொல்லியும் விட்டார்.

அட்டாரி ஓயத் தொடங்கிய காலத்தில் சி-லேப்பின் மூளைகள் எமாஜிக் என்று தனிக்கடை போட்டு, லாஜிக் மென்பொருளை மேக்குக்கும் விண்டோஸுக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2002-ல் ஆப்பிள் கடையையே விலைக்கு வாங்கியது. விண்டோஸ் பதிப்புக்கு அந்த ஆண்டே மூடுவிழா. எது நல்ல இயங்குதளம் என்று பல வருஷமாகக் கட்சி கட்டி வாதாடிய விண்டோஸ் லாஜிக்காரர்களுக்கு, அதன்பிறகு வாதாட விஷயமே இல்லாமல் போயிற்று.