பத்தாயத்து மேல ரவுட்டர்

வாடா பேராண்டி, உக்காரு. நன்னிலத்துல இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பாக்குறியாம். உன் வீட்டு ஐபி நம்பர்ல இருந்து வந்தாத்தான் உங்க சர்வர் கதவு திறக்குமாம். கேக்கவே பெருமையா இருக்கு. அப்புறம் ஏன்டா நேத்து கரண்ட் போய் வந்ததும் மூஞ்சி தொங்கிப்போச்சு?

பத்தாயத்து மேல வச்சிருக்கியே ரவுட்டர், அது அணைஞ்சு எரிஞ்சதும் புது நம்பர் வாங்கிடுச்சு. தனியா காசு கட்டி நிலையான ஐபி வாங்காதவன் வீட்டுல அப்படித்தான் மாறும். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குப் போனியா, அங்க இன்னும் கூத்து. ஒரே நம்பருக்குப் பின்னாடி ஊர்ப்பட்ட ஜனத்தை அடைச்சிருக்கான் மொபைல் கம்பெனிக்காரன். அவனும் என்ன பண்ணுவான், பழைய ஐபி முறையில உலகத்துக்கே சுமார் 430 கோடி நம்பர்தான்.

அதுக்கு நீ பண்ணின சாமர்த்தியம் இருக்கே! சர்வரைப் பாத்துக்குற சினேகிதனைக் கெஞ்சி, ஐபியில கடைசி ரெண்டு எண் எதுவா இருந்தாலும் உள்ள விடுன்னு எழுத வச்சுட்ட. 65,536 நம்பருக்குக் கதவு திறந்தாச்சு. தற்காலிகமாம்! எந்தத் தற்காலிகத்தை எவன் வந்து மூடினான்?

நான் பட்டிக்காட்டான், என் பேச்சை விடு. சர்க்கார் சொன்னதையாவது கேளு. 2020 மார்ச் 13-ல, கொரோனாவுக்காக கால் சென்டர் ஆளுங்க வீட்டுலேருந்தே வேலை பாக்கட்டும்னு தொலைத்தொடர்புத் துறை விதியைத் தளர்த்துச்சு. அப்பவும் நிலையான ஐபி வச்சு விபிஎன் போட்டு இணைச்சுக்கன்னுதான் சொல்லுச்சு. அதுல விபிஎன்னை நீ பிடிச்சுக்கோ, உன் வீட்டு நம்பர் தினம் மாறினா மாறட்டும். முதல்ல கம்பெனி விபிஎன்னுக்குள்ள போ. அங்கேருந்து கிளம்புற ஒரே நம்பரை மட்டும் சர்வர் நம்பட்டும்.

விபிஎன் வாசல்ல ஓடிபி கேட்டா முணுமுணுக்காதே. ஐபிங்கிறது எந்தத் தெருன்னு மட்டும் கேக்குற காவக்காரன், ஆளோட மூஞ்சியைப் பாக்க மாட்டான். பக்கத்து வீட்டுப் பயலுக்கு வைஃபை பாஸ்வேர்டு குடுத்திருக்கியே, அவன் கேம் ஆடுறதும் உன் நம்பர்லதான்டா வெளிய போகுது.

சரி, சினேகிதனுக்குப் போனைப் போடு. அந்த 65,536-ஐ இப்பவே மூடச் சொல்லு. அப்படியே உள்ள விடுற நம்பர் பட்டியல் முழுக்க ஒருதரம் படிக்கச் சொல்லு. உங்க கம்பெனியை விட்டுப் போனானே பூந்தோட்டத்துப் பையன், அவன் வீட்டு நம்பர் இன்னும் அதுல இருக்கா? அது இப்ப எவன் வீட்டு ரவுட்டர்ல இருக்கோ!