குழாய் நின்றால் கூடும் சபை

சுபாங் ஜெயாவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிய வேண்டுமா? தண்ணீர் கட் வர வேண்டும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டபோது, இங்குள்ள யூஎஸ்ஜே வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அத்தனை பேரும் நீர் நிபுணர்கள். தண்ணீர் லாரி எந்தத் தெருவில், யார் வீட்டுத் தோம்பில் மிச்சம், அரிசி களைந்த தண்ணீர் எந்தச் செடிக்கு... குழாய் வந்ததும் பழையபடி ‘காலை வணக்கம்’ பூக்கள்.

2021 டிசம்பரில் பக்கத்து ஷா ஆலம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதும் குழுவில் மறுபடி நீர் வகுப்பு. மழைநீர்த் தொட்டி வைப்போம் என்றார் ஒருவர். வரிசையாகக் கட்டைவிரல்கள். எங்கே வைப்பது? மூன்றாவது கார் நிற்கும் இடத்தில் என்றார். அவரைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு.