பெட்டியோடு வரும் கூலர் போதுமா?

கேள்வி: ப்ராசஸர் பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் வருகிறது. கடைக்காரரோ, "அது சும்மா பேருக்கு சார், தனியா ஒண்ணு போட்டுக்குங்க" என்கிறார். கேட்கலாமா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் பார்த்துவிடுங்கள். நீங்கள் வாங்கப்போவது இன்டெல் ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600 என்றால், கூட வரும் கூலரே போதும். படிப்பு, கோடிங், கேம் எல்லாவற்றையும் தாங்கும். மிச்சமாகும் பணத்தை ரேமில் போடுங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஐ7-12700. நண்பரிடம் ஐ5-12400. இரண்டு பெட்டியிலும் அதே கூலர், இரண்டுக்கும் 65 வாட் என்றே கணக்கு. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் என்னுடையது மட்டும் ஏன் கத்துகிறது?
- வீடியோ எடிட்டர், கோவை

பதில்: அந்த 65 வாட்டை நம்பியதால் வந்த வினை. அது ப்ராசஸர் தன் அடிப்படை வேகத்தில் ஓடும்போது இழுக்கும் மின்சாரம். உங்கள் 12700-இன் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ்தான். அந்த வேகத்துக்காக யாரும் ஐ7 வாங்குவதில்லை. டர்போவில் 4.9 வரை எகிறுகிறதே, அதற்காகத்தான் வாங்குகிறோம். டர்போவில் உங்களுடையது 180 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல்லே சொல்கிறது. நண்பருடைய 12400-க்கு அந்த எல்லை 117 வாட். இழுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். 117-ஐச் சமாளிக்கிற, பெட்டியோடு வந்த அதே லேமினார் கூலரிடம் 180-ஐக் கொடுத்தால் கத்தாமல் என்ன செய்யும்?

ப்ராசஸர் எரிந்துவிடாது, பயப்படாதீர்கள். 100 டிகிரியைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் வருத்தமே அதில்தான். ஐ7-க்குக் காசு கொடுத்துவிட்டு, ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் அதைவிடச் சின்ன ப்ராசஸரின் வேகத்தை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். பிரவுசரும் எக்செல்லும் மட்டும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. மணிக்கணக்கில் ரெண்டரிங் போடும் நீங்கள் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த நல்ல டவர் கூலர் ஒன்றை வாங்கியே ஆகவேண்டும்.

கேள்வி: ரைசன் 5 5600-க்கு லிக்விட் கூலர் போடலாமா?
- கேம் பிரியர், சேலம்

பதில்: வேண்டாம். அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

கேள்வி: பெட்டியைப் பிரித்தால் கூலரே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
- புது வாடிக்கையாளர், மதுரை

பதில்: மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் 'கே' என்று முடிந்தால் கூலர் வராது. 2015-இல் 6600கே, 6700கே வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ரைசன் 5 7600-உடன் கூலர் உண்டு, 7600எக்ஸுடன் கிடையாது. ஆக, பெட்டியில் வந்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இல்லை.

பெட்டியே இல்லாமல் 'ட்ரே' என்று கொடுத்தார்கள் என்றால் கதை வேறு. அதில் கூலரும் இருக்காது, இன்டெல்லிடம் நேரடியாக வாரண்டியும் கேட்க முடியாது. விற்ற கடையைத்தான் நம்பவேண்டும். விலை குறைவாகத் தெரிந்தால் கூலரின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: யூடியூபில் இதே ப்ராசஸர், இதே கூலருக்கு 70 டிகிரி காட்டுகிறார்கள். எனக்கு 83. என் கூலர் பழுதா?
- வாசகி, வேலூர்

பதில்: அவர் அறையில் எத்தனை டிகிரி? ஏசி அறையில் 25 என்று வையுங்கள். மே மாதத்தில் உங்கள் அறையில் 38 இருக்கும். கழித்துப் பாருங்கள்: இருவருக்கும் 45. உங்கள் கூலர் அவருடையதைப் போலவே வேலை செய்கிறது. காற்றை வைத்துக் குளிரவைக்கும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது, அதற்கு மேல்தான் ஏறும்.

அதனால் வெளிநாட்டு விமர்சகர் "எப்படியோ தாங்கிவிட்டது" என்று சொல்லும் கூலர் நம் கத்திரி வெயிலில் தாங்காது. ஏசி இல்லாத அறை என்றால் ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள்.

கேள்வி: நானே மாட்டினேன். ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் 100 டிகிரி! கூலரை மாற்றிவிடவா?
- பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: முதலில் மதர்போர்டைத் திருப்பிப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு புஷ் பின்களும் மறுபக்கம் முழுசாக எட்டிப் பார்க்கவேண்டும். ஒன்று ஏறாமல் போனாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அடிப்பகுதி ப்ராசஸரில் ஒழுங்காகப் படியாது. ஃபேன் அழகாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது.

வரிசையாக அழுத்தாமல் எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள், ஒவ்வொன்றிலும் 'க்ளிக்' கேட்கவேண்டும். அம்புக்குறிப் பக்கம் குமிழைத் திருப்பினால் பூட்டாது, கழலும். ஒருமுறை தூக்கிவிட்டால், அடியில் கம்பெனியே தடவிக் கொடுத்த பேஸ்ட் வீண். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். இதைச் செய்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: சூடெல்லாம் சரி, சத்தம்தான் தாங்கவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறாள்.
- இளம் தாய், தஞ்சாவூர்

பதில்: தனிக் கூலர் வாங்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. பெட்டியோடு வரும் கூலரின் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் காற்றைத் தள்ளமுடியும். பெரிய ஃபேன் அதே காற்றை நிதானமாகத் தள்ளும். கடைக்குப் போகும் முன் பயாஸில் ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் தணித்துப் பாருங்கள், செலவில்லாமலே முடியலாம்.

கேள்வி: கேபினட்டை கம்ப்யூட்டர் டேபிளின் கதவுக்குள் வைத்து, தூசு படாமல் துணியும் போட்டிருக்கிறோம். ஆனாலும் சூடாகிறதே, எந்தக் கூலர் வாங்கலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, எதுவும் வாங்கவேண்டாம். ஓடும்போது துணியை எடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், டேபிளின் பின்பலகை கழலும் என்றால் கழற்றிவிடுங்கள். அதன் பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் எழுதுங்கள், கூலரைப் பற்றிப் பேசலாம்.