நடிப்பு டியூஷன்

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் எந்த டீக்கடையில் நின்றாலும் இப்படி ஒருவர் கண்ணில் படுவார். டீ கிளாஸை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல், எதிர்ச்சுவரை உற்றுப் பார்ப்பார். மாஸ்டர் சர்க்கரை போட மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். குளோசப்புக்குப் பழகுகிறார்.

வயது நாற்பதை நெருங்கும். தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் உத்தியோகம். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான் நடிகர் விஜய் சேதுபதி என்று என்றைக்குக் கேள்விப்பட்டாரோ, அன்றே முடிவு செய்துவிட்டார். கணக்குதான் கைவசம் இருக்கிறதே! மிச்சமிருப்பது நடிப்பு மட்டும். பிளஸ் டூவில் இயற்பியலைத் தேற்றியதுபோல் அதையும் டியூஷன் வைத்துத் தேற்றிவிடலாம்.

அப்படியானால் கூத்துப்பட்டறைக்கே போவதுதானே என்று கேட்டுவிடாதீர்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய இடம் அது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று பலர் உருவான இடம். அங்கே தெருக்கூத்தும் சிலம்பமும் பழக வேண்டும். பத்துப் பேரோடு சேர்ந்து வியர்க்க வேண்டும். சிவாஜி நாடகக் கம்பெனியில் பையன்களோடு பையனாக வளர்ந்தவர். ரஜினிகூட நடிப்புப் பள்ளியில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்துதான் படித்தார். நம்மவருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. தனி வகுப்பு, தனி கவனம், ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவும் பத்து மணிக்கு மேல்.

பயிற்சியாளர் நாலைந்து படங்களில் இன்ஸ்பெக்டராக வந்தவர், நல்ல மனிதர். முதல் நாள், "சும்மா உட்காருங்க சார்" என்றார். நம்மவர் மோவாயில் விரலை வைத்து, ஒரு புருவத்தை உயர்த்தி, பெருமூச்சோடு உட்கார்ந்தார். "சும்மா சார்" என்றார் மறுபடியும். இந்தத் தடவை இரண்டு புருவமும் உயர்ந்தன. பாடம் இன்னும் அங்கேயே நிற்கிறது என்று கேள்வி.

ஆனால் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மட்டும் எப்படியோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். நடிகன் தன் சொந்த வாழ்வில் பட்ட உணர்ச்சியை நினைவிலிருந்து தோண்டியெடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. நம்மவர் தோண்டினார். இன்கிரிமென்ட் வராத ஒரு வருஷத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அழுகை பிறக்கத் தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார்: பிறர் இகழ்வது, இழப்பது, நிலை தாழ்வது, வறுமை. நான்கில் ஒன்றாவது தேறுமா என்று அம்மாவிடம் போனார்.

"சின்ன வயசுல நான் ஏதாவது கஷ்டப்பட்டிருக்கேனாம்மா?"

"நீ எங்கடா கஷ்டப்பட்ட? நாங்கதான் பட்டோம்."

அம்மா முகத்தில் அப்போது வந்த பாவத்தைப் போனில் எடுக்காமல் விட்டோமே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார். அந்த வருத்தத்தை வைத்தாவது அழுதிருக்கலாம்.

சொந்தச் சரக்கு இல்லாததால் இப்போது ஊரார் துக்கத்துக்கு வந்துவிட்டார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'அப்சர்வேஷன்'. சாவு வீட்டில் பெரியம்மா மாரிலடித்துக்கொண்டு அழும்போது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று குறித்துக்கொள்கிறார். மனைவி கோபமாக ஏதாவது சொன்னால், "இதையே கொஞ்சம் அடக்கிச் சொல்லிப் பாரேன்" என்கிறார். அவள் அடக்கிக்கொண்டு சொல்லாமல் விட்ட வசனங்கள்தான் அந்த வீட்டின் சிறந்த நடிப்பு என்பது என் கட்சி.

எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்பதுதான் பாதி நடிப்பு என்று பயிற்சியாளர் வாரந்தோறும் சொல்கிறார். நம்மவர் தலையாட்டுகிறார். அந்தத் தலையை எந்தக் கோணத்தில் ஆட்டினால் எடுப்பாக இருக்கும் என்ற யோசனையில், சொன்னது காதில் விழுவதில்லை. போட்டோ ஆல்பம் மட்டும் தயார்: தாடியோடு பன்னிரண்டு, தாடியில்லாமல் பன்னிரண்டு, பாதித் தாடியில் ஒன்று.

உங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் தயவுசெய்து இவருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். கல்யாணத்துக்குத் தாராளமாகக் கூப்பிடுங்கள். மொய் எழுத உட்கார வையுங்கள். ஒரு ரூபாய் பிசகாது.