கணக்கில் வராத காய்ச்சல்

2015ஆம் ஆண்டு இந்தியாவில் பன்றிக் காய்ச்சல் கண்டவர்கள் 42,592 பேர். இறந்தவர்கள் 2,990 பேர். அரசாங்கத்தின் கணக்கு இது. வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு ஏழு வருகிறது. அதாவது, 120 கோடிக்கு மேல் ஜனங்கள் இருமித் தும்மித் திரியும் தேசத்தில் ஒரு சுமாரான டவுனின் ஜனத்தொகை அளவுக்குத்தான் இந்தக் காய்ச்சல் வந்தது. வந்தவர்களோ கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இவ்வளவு அபூர்வமான, இவ்வளவு கொடூரமான ஃப்ளூ உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நமக்கென்று தனியாகச் செய்து அனுப்பினார்கள் போலும்.

சூட்சுமம் எண்ணுகிற முறையில் இருக்கிறது. காய்ச்சல்காரர்களை மத்திய சுகாதார அமைச்சகம் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ வகை: சோதனை வேண்டாம், வீட்டுக்குப் போ. காய்ச்சல் கடுமை, அல்லது கர்ப்பிணி, முதியவர், சர்க்கரைக்காரர் என்றால் பி வகை: மாத்திரை தரலாம், சோதனை வேண்டாம். மூச்சுத் திணறி, நெஞ்சு வலித்து, நகம் நீலம் பாரித்தால் சி வகை: இப்போதுதான் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி நுழையும். சிகிச்சைக்கான வழிகாட்டியாக இதில் தப்பில்லை. இருமுகிறவர்கள் அத்தனை பேருக்கும் சோதனை செய்ய எந்த நாட்டாலும் ஆகாது. ஆனால் அந்த வடிகட்டியில் தங்கிய எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு "மாநிலத்தில் பாதிப்பு இவ்வளவுதான்" என்று மைக் முன்னால் வாசிக்கிறார்களே, அந்தத் துணிச்சலுக்குத்தான் மருந்தில்லை. சாக்கடையில் விழுந்து கிடப்பவர்களை மட்டும் எண்ணி, தமிழ்நாட்டில் குடிப்பவர்கள் இத்தனை பேர்தான் என்று டாஸ்மாக் நிர்வாகம் அறிக்கை விட்டால் எப்படி இருக்கும்?

எண்ணுவதற்கு ஏற்பாடே இல்லை என்று அபாண்டம் பேச மாட்டேன். 2004இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். முறையே கிராம சுகாதாரச் செவிலியருக்கு, மருத்துவருக்கு, ஆய்வகத்துக்கு. வாராவாரம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. 2021இல் நாடு முழுவதற்குமாக இதெல்லாம் இணையத்துக்கு ஏறிவிட்டது. அதனால் என்ன, நிரப்பும் கை அதே கைதான். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு எல்லாம் முடித்துவிட்டு அந்தச் செவிலியர் அக்கா காய்ச்சலுக்கு வரும்போது இரவு ஒன்பது மணி.

அவர் பொறுப்பானவர் என்றே வைத்துக்கொள்வோம். தெருத் தெருவாகப் போய் உண்மையாகவே எண்ணிவிட்டார். உடனே அவருடைய துணை சுகாதார நிலையம் மாவட்டப் பட்டியலில் முதலிடத்துக்கு வரும். மேலிருந்து போன் வரும்: "உங்க ஏரியாவுல மட்டும் ஏம்மா இவ்வளவு?" பக்கத்து ஊரில் எண்ணாமலே பூஜ்யம் போட்டவருக்கு ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டு. எண்ணியவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. வாய் நீண்டால் 17பி பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை. இந்த வைத்தியத்தை இரண்டு பருவம் செய்தால் போதும், அந்த வட்டாரமே பூரண ஆரோக்கியம் அடைந்துவிடும்.

இதெல்லாம் அரசு ஆஸ்பத்திரியை மிதிப்பவர்களின் கதை. சாயங்காலம் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் எந்தப் படிவத்தில் இருக்கிறார்கள்? ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக், மூன்று நாள் கழித்து வாங்க. (வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனால் எழுதிக் கொடுக்காத டாக்டரை நாம் டாக்டராக மதிப்பதில்லை. அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.) கிளினிக்குக்கும் காசில்லாதவர் மெடிக்கலில் நின்று, "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கண்ணே" என்பார். அந்த மெடிக்கல் அண்ணனைக் கேளுங்கள், இந்த வாரம் எந்தத் தெருவில் காய்ச்சல் என்று கல்லாவைப் பார்த்தே சொல்வார். ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு வருகைப் பதிவேடு சொல்லிவிடும். தேனாம்பேட்டையில் இருக்கும் சுகாதாரத் துறைத் தலைமைக்கு மட்டும் தெரியாது.

2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது நடந்தது மறக்கக்கூடியதல்ல. புதுச்சேரி அரசு மார்ச் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடியது. எல்லைக்கு இந்தப் பக்கம், விழுப்புரத்திலும் கடலூரிலும், பள்ளிகள் வழக்கம்போல நடந்தன. எது சரி என்ற வழக்குக்கே நான் வரவில்லை. மூடியதற்கும் திறந்து வைத்ததற்கும் ஆதாரமாக எந்த ஊர் எண்ணை எவர் காட்டினார் என்பதே என் கேள்வி. ஒரே வைரஸ், புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேடு தாண்டினால் அபாயம், திரும்பி வந்தால் சாதாரணம். பிராந்தி பாட்டில் எல்லை தாண்டினால் பிடிக்க அங்கே ஆள் உண்டு. தமிழ்நாடு தன் பங்குக்கு மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களை நடத்தியது. முகாம்களை எண்ணுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

வருவது தெரியாமல் வந்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில் உச்சம் தொடும். டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு. இந்திய ஆய்வாளர்கள் பல வருடச் சளி மாதிரிகளைச் சோதித்து, 2015இலேயே கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். ஆக, தீபாவளிக்கு நாள் குறிப்பதுபோல இதற்கும் குறித்துவிடலாம். தடுப்பூசியை அதற்கு முன்பே போட வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை, காசுள்ளவர் போட்டுக்கொள்வார். இல்லாதவருக்கு நிலவேம்புக் குடிநீர், அதுவும் போட்டோகிராபர் வந்த பிறகு.

எண்ணாமல் விட்டால் யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா? ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் விழுங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தெருமுனை டாக்டருக்கு, தன் ஊரில் இந்த வாரம் ஃப்ளூ ஓடுகிறது என்று தெரிந்திருந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு முதல் நாளே எழுதிக் கொடுப்பார். தெரியாததால் "வைரல் ஃபீவர்தான், ரெஸ்ட் எடும்மா" என்பார். நான்காம் நாள் அவள் 108 ஆம்புலன்ஸில் ஏறும்போதுதான் சி வகைக்குத் தகுதி பெறுகிறாள். கணக்கில் சேர அவள் மூச்சுத் திணற வேண்டியிருக்கிறது, ஐயா. இதைத்தான் நோய்க் கண்காணிப்பு என்று பெயர் வைத்துச் சம்பளம் வாங்குகிறீர்கள்.

செத்தாலும் கணக்கில் சேர்வது நிச்சயமில்லை. 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மீதியெல்லாம் சும்மா செத்தவர்கள். அதே வருடம் ஜூலையில், விட்டுப்போன 444 கொரோனா மரணங்களைத் தமிழ்நாடு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. 444 பேரும் அதுவரை எங்கே இருந்தார்களோ. ஃப்ளூவில் போனவருக்கு அந்த மறுகணக்கும் கிடையாது. நிமோனியா, சர்க்கரை, மாரடைப்பு, இணைநோய் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது சின்ன வேலை. மாவட்டத்துக்கு இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் வாரம் சில பத்துக் காய்ச்சல்காரர்களிடம், ஏ வகையோ பி வகையோ, மாதிரி எடுத்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஃப்ளூ என்று அந்த மாவட்டத்து டாக்டர்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமை காலையில் சொல்ல வேண்டும். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899 முதல் இருக்கிறது. மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி கட்டிவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்களுக்குக் குச்சியும் குழாயும் வாங்க முடியாதா? முடியும். எண் வெளியே வந்தால் கேள்வியும் வெளியே வரும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே வரும் ஐப்பசிக்கான செய்திக் குறிப்பை இப்போதே அடித்து வைத்துவிடலாம்: பருவநிலை மாற்றத்தால் வரும் சாதாரணக் காய்ச்சலே, நிலைமை கட்டுக்குள் உள்ளது, நடவடிக்கைகள் போர்க்கால அடிப்படையில் எடுக்கப்படுகின்றன, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. தேதிக்கும் முகாம்களின் எண்ணிக்கைக்கும் மட்டும் இடம் விட்டால் போதும்.