பொக்கை விழுந்த டி.என்.ஏ.

கேள்வி: செயற்கை டி.என்.ஏ.வில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிடுங்கிவிட்டு ஆராய்கிறார்களாமே! நல்லதைக் கெடுக்கவா ஆராய்ச்சி?
– கல்லூரி மாணவி, மேல்பட்டாம்பாக்கம்

பதில்: கெடுக்க ஆய்வகமே வேண்டாம், தாயே! உங்கள் உடம்பில் செல் ஒவ்வொன்றிலும் தினம் சுமார் 10,000 டி.என்.ஏ. எழுத்துகள் (அதாவது காரங்கள்) தாமாகவே உதிர்கின்றன. நெய்வேலி வெயில் மேல் பழி போடாதீர்கள். உடம்புச் சூடும் தண்ணீருமே போதும். இதைக் கணக்குப் போட்டுச் சொன்ன தாமஸ் லிண்டால், 2015 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

எங்கே உதிரும் என்று உடம்பு சொல்லாது. அதனால்தான் ஓட்டை விழும் இடத்தை நாமே தீர்மானிக்கும் செயற்கை டி.என்.ஏ. இழை. தைமின் என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் யுராசிலை வைத்துத் தயாரிப்பார்கள். யுராசில் டி.என்.ஏ. கிளைகோசிலேஸ் என்ற நொதி அதை மட்டும் கழற்றிவிடும். (பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வார்ஷ்ணே குழு இந்த நொதியை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது.) இழையின் முதுகெலும்பான சர்க்கரையும் பாஸ்பேட்டும் அப்படியே நிற்க, நடுவில் பொக்கைப் பல்லாக ஓர் ஓட்டை. பிப்பெரிடின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் இழை அங்கேயே அறுந்துவிடும். துண்டுகளை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், குட்டைத் துண்டு முந்திக்கொண்டு ஓடும்.

அறுந்து தொலையாத ஓட்டை வேண்டுமா? எழுத்து உதிர்ந்த இடத்தைப் போலவே இருக்கும் டெட்ராஹைட்ரோபியூரான் என்ற போலியைப் பொருத்துகிறார்கள். நம் செல்லின் ரிப்பேர்காரரான ஏ.பி.இ.1 நொதி, இந்த டூப்ளிகேட்டையும் நிஜம் என்று நம்பி வெட்டிவிடுகிறது!