எறும்புகள் சாட்சி

எங்கள் வீட்டில் துப்பறியும் நாய் கிடையாது. எறும்புகள் இருக்கின்றன, அதுவே போதும்.

போன சித்திரையில் ஒரு காலை, வாசல் தெளிக்கப் போன என் மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரமாகப் புறப்பட்ட எறும்பு வரிசை ஒன்று நடையைக் கடந்து, என் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு வழியே ஏறி, சீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் குடிக்க எறும்பு வராது என்பது அவளுக்குத் தெரியும். சாவியை எடுத்துவந்து சீட்டைத் தூக்கினாள். மழைக்கோட்டு இருக்க வேண்டிய இடத்தில் அரைக் கிலோ சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட், பாதி தீர்ந்த மைசூர்பாகு டப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருந்ததற்கு அடையாளமாக ஒரு நெய்க் காகிதம். தென்மாவட்டங்கள் மொத்தமும் சீட்டுக்கு அடியில் குடியேறியிருந்தன.

"ஸ்கூட்டர்ல எதுக்குங்க பலகாரக் கடை?" என்றாள்.

"ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பிரமோஷன்" என்றேன்.

"அவருக்குக் கொடுக்கலையா?"

ஐம்பத்து நாலு வயதில் மிட்டாய்க்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது தனி அனுபவம். சிகரெட் பிடித்து மாட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் கம்பீரமாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பசிக்குத் தின்கிறவன் அல்ல. பசிக்குத் தின்கிறவனுக்கு ஒரு முடிவு உண்டு; வயிறு நிறைந்ததும் எழுந்துவிடுவான். என் ஆட்டம் இரவு பதினொரு மணிக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகுதான் தொடங்கும். மிக்சர் டின்னின் மூடியைச் சத்தமில்லாமல் திறப்பதில் நான் கைதேர்ந்தவன். ஒரே ஒரு கை அள்ளுவேன். அள்ளிய இடம் பள்ளமாகத் தெரியும். நாளைக்கு யாராவது கவனித்துவிட்டால்? சமன் செய்ய இன்னொரு கை. இப்போது முந்திரியெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அது சந்தேகத்தைக் கிளப்பும் என்று முந்திரியை அப்புறப்படுத்துவேன். கடைசியில் தடயத்தை அழிக்க ஒரே வழி, டின்னையே காலி செய்வதுதான் என்று ஆகிவிடும். விடிந்ததும் அதே கடையில் அதே மிக்சரை வாங்கி, அதே மட்டத்துக்கு நிரப்பிவைப்பேன். மட்டம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மிஞ்சியதைத் தின்றுவிடுவேன்.

கோயம்புத்தூரில் உளவியல் படிக்கும் மகள் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. 2009-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவு அடிமைத்தனத்தை அளக்க 25 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்களாம்; அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இவ்வளவு மார்க் வந்ததே இல்லை. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் வருடக் கையேட்டில் "உணவு அடிமை" என்று தனி நோய் இல்லையாம். கட்டுப்பாடு இழந்து அளவு மீறித் தின்னும் கோளாறு மட்டும் இருக்கிறதாம். எனக்கு இருப்பது எது என்பதில் அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எறும்புகளுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

குடிகாரராக இருந்தாலாவது டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் போகலாம். சாப்பாட்டுக்கு அடிமையானவன் எந்தத் தெருவில் போவது? அதுவும் மதுரையில்?

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் வந்து சேர்ந்தான். அவன் இயற்கை உணவுக்காரன். அடுப்பைப் பார்த்தாலே அவனுக்குச் சுடுகாட்டு ஞாபகம் வரும். "மச்சான், மூணே படி. முதல்ல சைவம், அப்புறம் நனிசைவம், அப்புறம் பச்சை உணவு. மேல போகப் போக ஆசை தானா உதிர்ந்துடும்" என்றான். நானும் படியேறச் சம்மதித்தேன்.

முதல் படி சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிதோசையை விட்டேன். குடல் குழம்பை விட்டேன். ஒரு மாதம் போன பிறகுதான் உறைத்தது: கறிக்கு நான் என்றைக்குமே அடிமையாக இருந்ததில்லை. அதை நடுக்கூடத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து, ஏப்பம் விட்டு எழுந்திருப்பேன். ஒளித்துவைக்கவும் முடியாது, குழம்பு சீட்டுக்கு அடியில் நிற்காது. எதற்கு அடிமையாக இருந்தேனோ, அதெல்லாம் பிறவியிலேயே சைவம்.

சரி, இரண்டாம் படி. "இனிமே நான் நனிசைவம்" என்று அறிவித்தேன்.

"புரட்டாசியில சனி சைவம் தெரியும். அதென்னங்க நனி சைவம்?" என்றாள் மனைவி.

பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது என்று விளக்கினேன். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் நண்பர்களும் 'வீகன்' என்று பெயர் வைத்துச் சங்கமே தொடங்கினார்கள் என்றேன். "அவர் வீட்ல மோர்க்குழம்பு வைக்கத் தெரியாதுபோல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பால்கோவா போயிற்று. மைசூர்பாகு போயிற்று. ஜிகர்தண்டா போயிற்று. மூன்று நாள் துக்கம் அனுஷ்டித்தேன். நான்காம் நாள் எனக்குள் இருக்கும் வக்கீல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். கடலை மிட்டாயில் என்ன இருக்கிறது? கடலை, வெல்லம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள்; எந்த மாட்டுக்கும் அதில் சம்பந்தமில்லை. காராச்சேவு? கடலை மாவு, எண்ணெய், மிளகாய். பூரண நனிசைவம். அப்புறம் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். வெளிநாட்டார் பாதாமைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து விற்பதற்கு எத்தனையோ காலம் முன்பே மாடில்லாத பாலைக் கண்டுபிடித்த ஊர் எங்களுடையது. அந்தப் பெருமையில் ஒரு மாலை மூன்று டம்ளர் குடித்தேன். காந்தி 1921-ல் சட்டையைத் துறந்தது மேலமாசி வீதியில். அதே வீதியில் நின்று நான் சட்டைப் பட்டன் தெறிக்கும் அளவுக்குக் குடித்தேன்.

காந்தியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. அவரே ஒரு பெரிய சோதனைக்காரர். 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். பிற்பாடு நோயில் நொந்து கிடந்தபோது, டாக்டர் பால் குடித்தே ஆக வேண்டும் என்றார். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே உங்கள் மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டியவர் கஸ்தூரிபா. குடித்தார். ஆனால் சொல்லைக் காப்பாற்றி, விரதத்தின் உயிரை விட்டுவிட்டேன் என்று சத்திய சோதனையில் அவரே எழுதிவைத்தார். 1929-ல் அடுப்பேற்றாத உணவையும் சோதித்துப் பார்த்தார். அவர் வயிறே அவருக்கு எதிராக ஒத்துழையாமை நடத்த, அதைக் கைவிட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம்: அவர் சந்து கண்டுபிடித்தால் ஊருக்குச் சொல்லிவிடுவார், நான் அந்தச் சந்துக்குள் குடித்தனம் நடத்துவேன்.

மூன்றாம் படி, பச்சை உணவு. காலையில் வெண்பூசணிச் சாறு. பதினொரு மணிக்கு முளைகட்டிய பச்சைப்பயறு. மதியம் தேங்காய்த் துருவல் போட்ட அவல். அவலும் நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததுதானே என்று கேட்டதற்கு, "உங்க வீட்டு அடுப்புல வறுக்கலையே மச்சான்" என்றான் மச்சினன். அவனுக்குள்ளும் ஒரு வக்கீல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாலையில் வெள்ளரிக்காய், கேரட். வயிற்றில் இரவு பகலாக மேளக்கச்சேரி. ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரமாக இடம் கேட்டு எழுதிக்கொடுத்தார்.

ஆனால் எடை ஆறு கிலோ குறைந்தது. அதைவிட ஆபத்தான ஒன்று கூடியது: கர்வம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வெள்ளரிக்காய் மட்டும் வைக்கச் சொல்லி, பக்கத்தில் வடையைக் கடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் எண்ணெயின் தீமைகளைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்க இலைக்கு வடை வரலையா?" என்றார். வந்தது, வேண்டாம் என்றேன். அன்று இரவு முழுவதும் அந்த வடை என் கண்முன் நின்றது.

பத்தொன்பதாம் நாள் இரவு, பேரீச்சம்பழத்தையும் தேங்காயையும் சேர்த்து இடித்து உருட்டினால் அருமையான உருண்டை வரும் என்று கண்டுபிடித்தேன். அடுப்பில்லை, பாலில்லை, சர்க்கரையில்லை. சட்டப்படி சுத்தம். முதல் உருண்டை ஆரோக்கியத்துக்கு. இரண்டாவது இரும்புச்சத்துக்கு. இருபத்தாறாவது எதற்கு என்று ஞாபகமில்லை. மறுநாள் ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கினேன். அதை ஏன் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஊரே மெச்சும் இயற்கை உணவு அது. மேசை மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத் தின்றிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை மனைவி வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அதே சுவர், அதே ஸ்டாண்டு, அதே வரிசை. எறும்புகளுக்குச் சைவமும் தெரியாது, நனிசைவமும் தெரியாது. ஒளித்துவைத்தது எங்கே என்று மட்டும் தெரியும்.

இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

அந்த மனநல டாக்டரம்மா என் மூன்று படிக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு நான் கேட்கவே இல்லையே. எப்போ, எங்கே, யாரோட சாப்பிடுறீங்க?" என்றார். எப்போ என்றால் நடுராத்திரி, எங்கே என்றால் இருட்டில், யாரோடு என்றால் யாரும் இல்லை. "பகல் பூரா பசியை அடக்கிச் சேர்த்துவெச்சா, அது ராத்திரி வட்டியோட வசூல் பண்ணும்" என்றார். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு சின்னத் தீனி, மணி அடித்ததுபோல, உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க. மருந்துச் சீட்டே அவ்வளவுதான்.

"அப்போ சைவத்தை விட்டுடலாமா டாக்டர்?"

"ஆட்டுக்காகச் சைவமா இருக்கீங்களா? தாராளமா இருங்க. மிக்சருக்குப் பயந்து இருந்தீங்கன்னா, அது மிக்சருக்குத் தெரியாது." பிறகு, பாலையும் விட்டதால் பி12 மாத்திரை எழுதினார், செடிகொடியில் அது கிடைக்காதாம். கேரட்டைக் கொஞ்சம் வேகவைத்து, துளி எண்ணெய் சேர்த்தால்தான் அதிலுள்ள சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்றும் சொன்னார். மச்சினனிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து திருக்குறளைப் புரட்டினேன். புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர்; மருந்தை 95-ஆம் அதிகாரத்தில். முன்னது உயிர்களின் வலியைப் பற்றியது. பின்னதில் எந்தக் காய் நல்லது, எந்தப் பழம் கெட்டது என்று பட்டியலே இல்லை. முன்பு தின்றது செரித்ததா, பசித்ததா, அளவு தெரிந்ததா என்றுதான் கேட்கிறார். இரண்டையும் அவ்வளவு தூரம் தள்ளிவைத்திருக்கிறார். நான்தான் ஒன்றை வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது நான் சைவம், ஆட்டுக்காக. மோர்க்குழம்பு திரும்பி வந்துவிட்டது, மனைவிக்காக. கோசுமல்லி உண்டு, பொரியலும் உண்டு. மிக்சர் டின் வீட்டில் இல்லை. அதனோடு எனக்குச் சமாதானம் ஆகாது என்று தெரிந்துவிட்டது. கடலை மிட்டாய் உண்டு, மாலை நாலு மணிக்கு, தட்டில் இரண்டு, கூடத்தில் உட்கார்ந்து. சில இரவுகளில் கால் தானாகச் சமையலறைப் பக்கம் போகும். எல்லா இரவும் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னால் எறும்புகள் சிரிக்கும்.

போன வாரம் மறுபடியும் நடையில் எறும்பு வரிசை. எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன், மழைக்கோட்டு மட்டும்தான். அப்படியென்றால்? குனிந்து பின்தொடர்ந்தேன். வரிசை கூடத்துக்குள் நுழைந்து, தையல் மெஷினின் கால் வழியே ஏறி, அதன் டிராயருக்குள் மறைந்தது. அந்த மெஷினை எங்கள் வீட்டில் தொடுகிறவர் ஒருவர்தான்.

டிராயரை நான் திறக்கவில்லை. மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. ஒரு தட்டு எடுக்கப் போனவன் இரண்டாக எடுத்து வைத்து, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்: "வாயேன், உட்கார்ந்து சாப்பிடலாம்."